பதில்: ஹெட்டரோநிமுக்குத் ‘திசையிணை’ சரிவருமா?

ஒரே பொருளுக்கு ஊருக்கு ஊர் வழங்கும் வெவ்வேறு சொற்களை ஆங்கிலத்தில் ஹெட்டரோநிம் என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘திசையிணை’ என்று நான் முன்மொழிந்ததற்கு வந்த மறுப்புகளுக்குப் பதில் இது.

> ‘வட்டார மாற்றுச்சொல்’ போதுமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், மறுக்கவில்லை. ஆனால் ‘மாற்று’ என்றதுமே அசல் என்று ஒன்று எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது, மற்றவை அதற்குப் பதிலாள் என்று ஆகிவிடுகிறது. நான் தமிழாக்கிக்கொண்டிருக்கும் கட்டுரை ஆங்கில வட்டாரச் சொற்களைப் பற்றியது. இரண்டு சுவருக்கு நடுவே ஆள் மட்டும் நடந்து போகிற சந்துக்கு லீட்ஸ், மான்செஸ்டர் பக்கம் கின்னல் என்று பெயர், சசெக்ஸில் ட்விட்டன், லெஸ்டரில் ஜிட்டி, நியூகாசிலில் சேர். இதில் எது எதற்கு மாற்று? பொது ஆங்கிலத்தில் ‘ஆலி’ இருக்கிறது என்பதற்காக அதைத் தலைமேல் தூக்கி வைக்க வேண்டுமா என்ன!

ஹெரால்டு ஆர்ட்டன் தலைமையில் லீட்ஸ் பல்கலைக்கழகம் நடத்திய ஆங்கில வட்டார வழக்குக் கள ஆய்வு 1950இல் தொடங்கி 1961 வரை நீண்டது. 313 ஊர்கள், 1,300க்கு மேல் கேள்விகள். பெரும்பாலும் கிராமத்துப் பெரியவர்களைத் தேடிப் போய்க் கேட்டார்கள். அதில் ஒரு கட்டுப்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்: எந்தச் சொல் வேண்டுமோ அதைக் கேட்கிறவர் தன் வாயால் சொல்லக்கூடாது. பொருளைக் காட்டியோ விவரித்தோ ‘இதுக்கு இங்க என்ன பேரு’ என்று மட்டும் கேட்க வேண்டும், ஏனென்றால் படித்தவர் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் தாத்தா மரியாதைக்கு அதையே திருப்பிச் சொல்லிவிடுவார், ஊர்ச்சொல் வெளியே வராது. அதாவது அசல் என்று எதையும் முன்னால் வைக்காமல் தொகுத்தது. அந்தச் சமநிலை கலைச்சொல்லிலும் தெரிய வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம்.

(ஜோசப் ரைட்டின் ஆறு தொகுதி வட்டார வழக்கு அகராதி, 1898–1905, வேறு வகை. பதினைந்து வயது வரை படிக்கத் தெரியாத ஆலைத் தொழிலாளி ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியராகிச் செய்த வேலை. ஆனால் அது அகரவரிசை. ட்விட்டன் ஒரு மூலையில், கின்னல் இன்னொரு மூலையில்.)

> திசைச்சொல் என்று ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இருக்கிறது, அங்கிருந்துதான் எடுத்தேன். தொல்காப்பியத்தில் ‘செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்தும்’ வழங்குபவைதான் திசைச்சொல். உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம், தென்பாண்டி நாட்டார் பசுவையும் எருமையையும் ‘பெற்றம்’ என்பார்கள், குட்டநாட்டார் தாயைத் ‘தள்ளை’ என்பார்கள் என்று. சுத்தமான வட்டாரச் சொற்கள். ஆனால் இன்று பள்ளியில் சாவி, சன்னல் என்று வேற்றுமொழிச் சொல்லுக்கல்லவா திசைச்சொல் என்று சொல்லித்தருகிறோம், அதனால் அப்படியே எடுத்தால் குழம்பும். ‘இணை’யைச் சேர்த்தால் சமமும் வந்துவிடுகிறது, பழைய சொல்லும் பிழைக்கிறது. ஹெட்டரோநிம் என்றே விடுவதிலும் சிக்கல் உண்டு. ஒரே எழுத்துக்கூட்டல், இரண்டு உச்சரிப்பு, இரண்டு பொருள் உள்ள சொற்களுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான்.

என் பக்கத்து ஓட்டையையும் நானே சொல்லிவிடுகிறேன். ‘ஒரே பொருள்’ என்பது அவ்வளவு சுலபமில்லை. ஹல் நகரத்து ‘டென்ஃபுட்’டையும் சந்துப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள், அது வீடுகளுக்குப் பின்னால் கார் போகிற அளவு, பத்தடி அகலப் பாதை. பன் ரொட்டியும் அப்படித்தான்: நாட்டிங்ஹாமில் காப், மான்செஸ்டரில் பார்ம், கவன்ட்ரியில் பேட்ச், இவை இணை. வடகிழக்கு ஸ்டாட்டி தட்டையான, அழுத்தமான வேறு ரொட்டி, அதை இணை என்று எழுதினால் நியூகாசில்காரர் சண்டைக்கு வருவார். அவர்கள் ஊரில் ‘பிராட் சேர்’ என்று இன்னும் தெருப்பெயரே இருக்கிறது, விட்டுக்கொடுக்கிற ஆட்கள் இல்லை. ஆக, பொருள் ஒன்றுதான் என்று உறுதியான பிறகுதான் திசையிணை என்று எழுத வேண்டும், இதை விளக்கக் குறிப்பில் போட்டுவிடலாம்.

ஒருமை திசையிணை, பன்மை திசையிணைகள், எந்த ஊரில் எந்தச் சொல் என்று காட்டும் படத்துக்குத் திசையிணை வரைபடம். ஞாயிற்றுக்கிழமை விக்சனரி என்ற இணைய அகராதியில் ஏற்றலாம் என்றிருக்கிறேன். ‘மாற்று’ கட்சிக்காரர்கள் அதற்குள் நல்ல எடுத்துக்காட்டோடு வரவும்.