ஐசியு மானிட்டரில் துடிப்பு தடுமாறிய நேரம்: உங்கள் அனுபவம்?

பூவரசு:
அப்பாவுக்கு நிமோனியா. வெண்டிலேட்டர் போட்டு ஆறாவது நாள். சிஸ்டர் சளி எடுக்க சக்‌ஷன் டியூபை உள்ளே விட்டார். மானிட்டரில் 104 என்று இருந்தது 80, 61, 38 என்று இறங்கியது. அவர் டியூபை உருவி, ஆக்ஸிஜனை முழுசாக ஏற்றி, அப்பாவின் கழுத்தில் விரல் வைத்துக்கொண்டு நின்றார். 52, 70, 96. அரை நிமிடம்கூட இருக்காது. அப்பா வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. பல் துலக்கும்போது அவர் ஓங்கரித்தால் எனக்கு அந்த 38தான் கண்ணில் நிற்கிறது.

நைட்டியூட்டி:
ஐசியு நர்ஸ், பதினோரு வருஷம். டியூப் உள்ளே உரசினால், துடிப்பை மட்டுப்படுத்தும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டுத் துடிப்பு சட்டென்று விழும். ஆக்ஸிஜன் குறைந்தாலும் விழும். அந்த சிஸ்டர் செய்தது சரி.

என்னை விடாமல் துரத்துவது வேறு. செப்சிஸில், அதாவது கிருமித் தொற்றால் உடம்பு முழுக்கப் பாதிக்கப்பட்டு வந்த ஒரு அம்மா, வெண்டிலேட்டரில். நாலு நாளாகப் பேதி. அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஓடுகிறது. ராத்திரி டியூபைப் பிடுங்கப் பார்த்ததால் அமைதிப்படுத்த ஹாலோபெரிடாலும் போட்டோம். இரண்டுமே ஈசிஜியில் க்யூடி இடைவெளியை, அதாவது ஒரு துடிப்புக்குப் பின் இதயம் மின்சார ரீதியாக மீள எடுக்கும் நேரத்தை, நீட்டும் மருந்துகள். ரொம்ப நீண்டால் துடிப்பு தடுமாறும். பத்து மணிக்கு வந்த ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 2.9. குறைவு, அதுவும் துடிப்பைக் குலைக்கும். பார்த்தேன். அடுத்த பெட்டில் ஒருவருக்கு பிபி இறங்க, அங்கே ஓடிவிட்டேன்.

மூன்று மணிக்கு மானிட்டரில் அலை பூச்சரம் முறுக்கிக்கொண்ட மாதிரி பெருத்துச் சிறுத்து ஓடியது. டார்சாட்ஸ், உயிரைப் பறிக்கக்கூடிய தாறுமாறான துடிப்பு. நாடி இல்லை. நெஞ்சை அழுத்தினோம், ஷாக் கொடுத்தோம், மெக்னீசியம் 2 கிராம் போட்டோம். துடிப்பு திரும்பியது. ஷாக் கொடுக்கும் பேட் ஒட்டத் தாலிக்கயிற்றை ஒதுக்கியிருந்தேன். கையுறையைக் கழற்றும்போதுதான் பார்த்தேன், விரல் நுனியெல்லாம் மஞ்சள்.

ஊர்க்குருவி:
பூவரசு, முதலில் மானிட்டரைப் பார்ப்பதை விடுங்கள், ஆளைப் பாருங்கள். என் மாமியாருக்குச் செப்சிஸில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது, வந்து துடிப்பு 160க்குப் போனது, மறுநாள் அடங்கியது, அவ்வளவுதான். எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள்: வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளை, தைராய்டு மாத்திரை உட்பட, எழுதிக் கொடுங்கள். பழைய ஈசிஜி இருந்தால் கையோடு கொண்டு போங்கள். பொட்டாசியம், மெக்னீசியம் எவ்வளவு என்று தினமும் கேளுங்கள். துடிப்பு ஏறினாலே ஷாக் கொடுக்கச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். பிபி விழுந்தால்தான் அந்த அவசரம், இல்லாவிட்டால் முதலில் கிருமி, காய்ச்சல், உப்புகள் என்று காரணத்தைத்தான் சரிசெய்வார்கள். அப்புறம், நைட்டியூட்டி, 2.9ஐப் பார்க்க வேண்டியது டாக்டர். உங்கள் தலையில் ஏன் போட்டுக்கொள்கிறீர்கள்?

மயக்கமருந்துபிஜி:
ஆளை மட்டும் பார் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். மயக்கத்தில் இருப்பவர் படபடக்கிறது என்று எப்படிச் சொல்வார்? நான் முதல்முறை கழுத்துப் பெரிய ரத்தக்குழாயில் சென்ட்ரல் லைன் என்ற டியூப் போட்டபோது, அதற்கு வழிகாட்டும் கைடுவயர் கொஞ்சம் அதிகமாக உள்ளே போய்விட்டது. எக்டோபிக் எனும் இடையில் முந்திக்கொண்டு வரும் துடிப்புகள் வரிசையாக வந்ததை மானிட்டரின் சத்தம்தான் காட்டிக்கொடுத்தது. சீனியர் என் மணிக்கட்டைப் பிடித்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் பின்னால் இழுத்தார், நின்றுவிட்டது. அந்தப் பிடி இன்னும் உறைக்கிறது.

நைட்டியூட்டி:
ஊர்க்குருவி, ரிப்போர்ட்டை முதலில் பார்த்தது நான். ஒரு போன் போட்டிருக்கலாம்.

பூவரசு:
சிஸ்டர், அந்த அம்மா பிழைத்தாரா?

நைட்டியூட்டி:
பிழைத்தார். ஐந்து நாள் கழித்து டியூப் எடுத்தோம். வார்டுக்கு மாற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதானே ராத்திரியெல்லாம் முழிச்சிருந்த பொண்ணு" என்றார். தலையை ஆட்டினேன். பத்து மணி ரிப்போர்ட்டைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.