மறு: ‘பாசிட்டிவ் ஃபீட்பேக்’ – ‘நேர்மறைப் பின்னூட்டம்’ பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

அறிமுகச் சூழலியல் சொல்லடைவில் ‘பாசிட்டிவ் ஃபீட்பேக்’, ‘நெகட்டிவ் ஃபீட்பேக்’ இரண்டுக்கும் உரிய தமிழ்ச் சொற்கள்தான் இன்னும் இழுபறியில் இருக்கின்றன. இழுபறி ஆனாலும் பரவாயில்லை, அவசரப்பட வேண்டாம் என்பது என் எண்ணம். காலநிலை மாற்றத்தைப் படிக்கத் தொடங்கும் ஒருவர் இந்த இடத்தில் தடுக்கி விழுந்தால் பிறகு வரும் பாதிப் பாடம் புரியாது.

> நேர்மறைப் பின்னூட்டம், எதிர்மறைப் பின்னூட்டம் இரண்டும் புழக்கத்தில் உள்ளவை. ஏன் மாற்ற வேண்டும்?

புழக்கம்தான் இங்கே சிக்கல். நேர்மறைப் பின்னூட்டம் என்றால் பாராட்டு என்றுதான் இன்று எல்லாரும் புரிந்துகொள்கிறோம். ‘ஆர்க்டிக் கடற்பனி உருகுவது நேர்மறைப் பின்னூட்டத்தை உண்டாக்குகிறது’ என்று எழுதிப் பாருங்கள். ஏதோ நல்லது நடக்கிறது என்று ஒரு மாணவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. நடப்பது என்ன? புதுப்பனி தன்மேல் விழும் சூரிய ஒளியில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பும். திறந்த கடல்நீர் 10 விழுக்காடுகூட அனுப்பாது. பனி விலகி நீர் வெளிப்பட்டால் கடல் கூடுதலாகச் சூடாகும், இன்னும் பனி உருகும். தொடங்கிய மாற்றம் சுற்றி வந்து தன்னையே வளர்த்துக்கொள்கிறது. ‘பாசிட்டிவ்’ என்பது இங்கே வெறும் கூட்டல் குறி. சுற்றி வந்து மாற்றத்தைக் குறைத்தால் அது ‘நெகட்டிவ்’.

> அப்படியானால் ‘சூடேற்றும் பின்னூட்டம்’, ‘குளிர்விக்கும் பின்னூட்டம்’ என்று வைத்துவிடலாமே?

இதை ஏற்க முடியவில்லை. பூமியின் சுற்றுப்பாதையிலும் அச்சின் சாய்விலும் வந்த சிறு மாற்றங்களால் வடக்கே கோடை வெயில் குறைந்த காலங்களில், இதே பனிதான் பரவியது. பரவிய பனி ஒளியைத் திருப்பி அனுப்ப, இன்னும் குளிர்ந்தது. அதே சுற்று, திசை மட்டும் வேறு. அதோடு, பின்னூட்டம் என்பது வெப்பத்துக்கு மட்டும் உரியதா? ஏரியில் பாசி மண்டி, அது மடிந்து அழுகும்போது அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அப்போது வண்டலில் பிணைந்திருந்த பாஸ்பரஸ் நீருக்குள் வெளிவந்து, பாசியை மேலும் வளர்க்கும். இதுவும் அதே வகைதான்.

பின்னூட்டத்துக்குப் பதிலாக ‘மீள்விளைவு’ என்று வந்த பரிந்துரை அழகாக இருக்கிறது. ஆனால் வேதியியலில் ‘மீள்வினை’ என்பதை இரு திசையிலும் நடக்கும் வினைக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்ற பொருள் இங்கேயும் ஒட்டிக்கொள்ளும். பனி விஷயத்தில் அது பெரிய ஏமாற்றாகிவிடும்.

என் பரிந்துரை: பெருக்குப் பின்னூட்டம், தணிப்புப் பின்னூட்டம். பின்னூட்டம் அப்படியே இருக்கட்டும், அடைமொழியை மட்டும் மாற்றுவோம். ‘ஒலிபெருக்கி’ எல்லாருக்கும் தெரிந்த சொல். அது ஒலியைப் பிறப்பிப்பதில்லை, வந்ததைப் பெரிதாக்குகிறது. நமக்கு வேண்டிய பொருளும் அதுதான். மின்னணுவியலிலும் இது பொருந்தும். 1927-இல் அமெரிக்கப் பொறியாளர் ஹெரால்ட் பிளாக் பெருக்கிச் சுற்றின் வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளீட்டுக்கு எதிராகத் திருப்பிவிட்டு, தொலைபேசிக் குரலில் சேரும் சிதைவைக் குறைக்கும் வழியைக் கண்டார். நெகட்டிவ் ஃபீட்பேக் செய்த நன்மை அது! அதை எதிர்மறை என்று எழுதினால் எப்படித் தோன்றும்? தணிப்பு என்றால் உள்ளது உள்ளபடி இருக்கிறது.

> ‘பெருக்கு’ என்றால் முடிவே இல்லாமல் பெருகும் என்று தோன்றாதா?

இதுவரை வந்ததிலேயே நல்ல கேள்வி இது. ஒரு மாற்றம் சுற்றி வரும்போது தன்னில் பாதியை மட்டும் திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1, அப்புறம் ½, அப்புறம் ¼. கூட்டிக்கொண்டே போனாலும் 2-ஐத் தாண்டாது. பெருகியது உண்மை, எல்லை இருப்பதும் உண்மை. திரும்பி வருவது முழு 1 அல்லது அதற்கு மேல் ஆனால்தான் கட்டு மீறும்; ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு எதிரே பிடித்தால் வரும் ஊளைச் சத்தம் போல. காற்றில் கார்பன் டைஆக்சைடு இருமடங்கானால், மற்ற பின்னூட்டங்கள் இல்லாதபோது வெப்பம் சுமார் 1.2 டிகிரி செல்சியஸ் ஏறும். சூடான பூமி கூடுதலாக வெப்பத்தைக் கதிர்த்துவிடும் தணிப்பு இந்த 1.2-க்குள்ளேயே அடக்கம். நீராவி, பனி, மேகம் எல்லாம் சேர்ந்தால் சுமார் 3 டிகிரி. அதாவது ஒவ்வொரு சுற்றிலும் திரும்பி வருவது ஏறக்குறைய 0.6 பங்கு. ஆகவே எல்லை மீறுவதற்குக் ‘கட்டுமீறிய பெருக்கு’ என்று தனியாக ஒரு சொல் வைப்போம்.

இந்தச் சொற்களோடு சோதிக்கும் முறையையும் சேர்த்துத் தர வேண்டும். சுற்றில் உள்ள ஒவ்வொரு கண்ணியையும், அதாவது எது மாறினால் எது மாறும் என்பதை எழுதி, அந்த இரண்டும் ஒரே திசையில் மாறுகின்றனவா, எதிர்த் திசையிலா என்று குறிக்கச் சொல்லுங்கள். வெப்பம் கூடினால் பனி குறையும்: எதிர். பனி குறைந்தால் திரும்பும் ஒளி குறையும்: ஒத்தது. திரும்பும் ஒளி குறைந்தால் வெப்பம் கூடும்: எதிர். எதிர்கள் இரட்டைப்படை, ஆகவே பெருக்கு. ஒற்றைப்படையானால் தணிப்பு. சுற்று மூடவே இல்லையென்றால் அது பின்னூட்டமே ஆகாது, விளைவுத் தொடர் மட்டும்தான்.

எல்லாக் கண்ணியும் இப்படி உட்கார்ந்த இடத்தில் தெரிந்துவிடாது. தாழ்ந்த மேகங்கள் பெரும்பாலும் குளிர்விக்கும், உயரத்து மெல்லிய மேகங்கள் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். பூமி சூடானால் இவை எப்படி மாறும்? 1979-இல் வானிலை அறிஞர் சார்னி தலைமையிலான அறிவியலாளர் குழு, இருமடங்கு கார்பன் டைஆக்சைடுக்கு 1.5 முதல் 4.5 டிகிரி என்று அகலமான வரம்பைத்தான் தர முடிந்தது. அந்த அகலத்துக்கு மேகங்கள் முக்கியக் காரணம். 2021-இல் ஐபிசிசி-யின் (காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழுவின்) ஆறாம் அறிக்கை, மேகங்களின் மொத்தப் பின்னூட்டம் பெருக்குவதே என்று உயர்ந்த நம்பிக்கையோடு சொன்னது; வரம்பும் 2.5 முதல் 4 வரை எனச் சுருங்கியது. இடையில் நடந்ததெல்லாம் அளவீடும் சரிபார்ப்பும். ‘பெருக்கா, தணிப்பா?’ என்று கேட்கும்போது, விடையை அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது மாணவருக்குப் புரியும். ‘நேர்மறையா, எதிர்மறையா?’ என்று கேட்டால் கருத்துக் கேட்பது போலாகிவிடுகிறது.

குழுவிலுள்ள மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்சுலின் ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதற்குத் தணிப்பு என்றும், பிரசவத்தில் ஆக்சிடோசின் கருப்பைச் சுருக்கத்தை வலுவாக்க, அந்தச் சுருக்கம் மேலும் ஆக்சிடோசினைச் சுரக்கவைப்பதற்குப் பெருக்கு என்றும் எழுதினால் உங்கள் பாடங்களில் எங்கேனும் இடிக்கிறதா? இடித்தால் சொல்லுங்கள், சூழலியலுக்கும் உடலியலுக்கும் ஒரே சொல்லாக வைத்துக்கொள்ளும்படி மாற்றிவிடலாம்.