மாஸ்டர் பம்ப்பைப் பெரிதாக்கினால் பிறேக் கூடுமா? பழைய ஹைலக்ஸ் அனுபவங்கள்

2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல் திரும்பத் திறக்கும்வரை கொழும்பில் பழைய பிக்கப்பை விற்க யாருக்கும் மனம் வரவில்லை. இருப்பதைத் திருத்தித்தான் ஓடினோம். என்னுடையது எல்என்106 என்கிற பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டீசல் பிக்கப். பேலியகொடையில் மரக்கறி ஏற்றி வெள்ளவத்தைக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை.

முந்தின சொந்தக்காரர் முன் சில்லுகளில் பிறேக் பட்டைகளை பிஸ்டனால் அழுத்துகிற கலிப்பர்களைப் பெரியதாக மாற்றிவிட்டு, பெடலை மிதிக்க பிறேக் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளுகிற மாஸ்டர் பம்ப்பை அப்படியே விட்டிருந்தார். பெரிய பிஸ்டனைத் தள்ள ஒயில் கூடத் தேவை, சின்னப் பம்ப் ஒரு மிதியில் அவ்வளவைத் தராது. அதனால் பெடல் பாதிக்கு மேல் இறங்கின பிறகுதான் பிடிக்கும்.

பம்ப்பின் உடம்பில் 7/8 என்று வார்த்திருந்தது. உள்துளையின் அளவு அது, அங்குலத்தில். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கேட்ட இடமெல்லாம் "ஒரு அங்குலத்தைப் போடுங்கோ அண்ணை, பிறேக் கல்லு மாதிரி இருக்கும்" என்றார்கள். பெடல் கல்லு மாதிரி இருக்கும் என்பது சரி. பிறேக் அப்படி இருக்கும் என்பதுதான் பிழை. அதே பலத்தில் மிதித்தால், துளை பெரிதாகப் பெரிதாக ஒயிலின் அழுத்தம் குறையும். 7/8இலிருந்து ஒரு அங்குலத்துக்குப் போனால் பரப்பு 30 வீதம் கூடுகிறது. அழுத்தம் கிட்டத்தட்ட கால்வாசி போய்விடும். வண்டி நிற்க நீங்கள்தான் கூட மிதிக்கவேண்டும். அதனால் நான் 15/16இல் நின்றேன். அதில் பரப்பு 15 வீதம்தான் கூடும். கலிப்பர் மாற்றாத வண்டிக்கு இந்த வேலையே வேண்டாம் என்பது என் எண்ணம்.

ரீகண்டிஷன் பம்ப் வாங்குகிறவர்கள் வெளிப் பெயின்டைப் பார்த்து மயங்கவேண்டாம். பிஸ்டனைக் கழற்றச் சொல்லி, ஃபோன் டோர்ச்சை துளைக்குள் அடித்துப் பாருங்கள். எனக்கு முதலில் காட்டியதில் துளையின் அடிப்பக்கத்தில், ஒயிலில் சேர்ந்த தண்ணீர் தங்குகிற இடத்தில், ஊசியால் குத்தினது போலக் கறுத்த புள்ளிகள் வரிசையாக இருந்தன. அதற்குப் புது ரப்பர் கிட் போட்டாலும் கொஞ்ச நாளில் அதே புள்ளிகள் ரப்பரைத் தின்றுவிடும்.

பம்ப்பை மாட்டின மெக்கானிக் பாஸ் ஒறுகொடவத்தைக்காரர், அவசரப்படாத மனிதர். மிதிக்கிற பலத்தைக் கூட்டிக்கொடுக்கிற பூஸ்டரிலிருந்து வரும் தள்ளுகம்பிக்கும் பம்ப் பிஸ்டனுக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி இருக்கவேண்டும். அவர் பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசீனில் ஒரு துண்டைப் பிஸ்டன் குழியில் வைத்து, பம்ப்பைப் பூட்டிக் கழற்றி, நசுங்கின தடிப்பைப் பார்த்துத்தான் கம்பியின் நீளத்தைச் சரிசெய்தார். கம்பி நீண்டிருந்தால் ஒயில் திரும்பிப் போகும் சின்னத் துவாரம் மூடியே இருக்கும். ஓட ஓட பிறேக் தானாகப் பிடித்துச் சூடேறும். அப்புறம் பம்ப்பை வைஸில் பிடித்து, இரண்டு குழாய்களையும் திருப்பி ஒயில் டப்பாவுக்குள் விட்டு, குமிழி நிற்கும்வரை மெல்ல மெல்லத் தள்ளினார். இதைச் செய்யாமல் வண்டியில் பூட்டிவிட்டுக் காற்று எடுக்க மினக்கெடுகிறவர்கள்தான் "புது பம்ப் சரியில்லை" என்று கடைக்காரனோடு சண்டை பிடிப்பது.

குழாய் நட்டுகளுக்கு அதற்கென்றே உள்ள வெட்டு ஸ்பானர் வேண்டும். சாதாரண ஸ்பானர் மூலைகளை உருட்டிவிடும்.

இன்னொரு விஷயம். பின் அச்சுக்கு மேலே, சுமையைப் பார்த்துப் பின் பிறேக்கைக் கூட்டிக் குறைக்கிற வால்வு ஒன்று இருக்கிறது. நம் ஆட்கள் பாரம் ஏற்ற மேலதிக வில்லுத் தகடு போடுவார்கள். பின்பக்கம் உயர்ந்ததும், வண்டி வெறுமையாக இருக்கிறது என்று அந்த வால்வு நினைத்துக்கொள்ளும். மூட்டைகள் நிறைந்திருந்தாலும் பின் பிறேக் குறைவாகத்தான் போகும். தகடு போட்டவர்கள் வால்வின் கையையும் சரிசெய்யவேண்டும்.

இதை வாசித்துவிட்டு வத்தளையிலிருந்து ஒருவர்:

எனக்கும் பெடல் ஆழமாகத்தான் போனது. பம்ப் மாற்றச் சொன்னார்கள். கடைசியில் பின் சில்லின் பிறேக் ட்ரம்மைத் திறந்து, அதற்குள் உரசுகிற ஷூவை அஜஸ்ட் பண்ணினதும் பெடல் மேலே வந்துவிட்டது. ஒரு சதம்கூடச் செலவில்லை. முதலில் அதைப் பாருங்கள்.

நுவரெலியாவிலிருந்து பாரம் கொண்டுவருகிற ஒருவர்:

றம்பொடை இறக்கத்தில் எனக்குப் பெடல் தரைக்கே போய்விட்டது. கீழ் கியரில் ஊர்ந்து வந்து ஓரங்கட்டி, ஆறவிட்டதும் திரும்பப் பிடித்தது. பம்ப்பில் பிழை இல்லை, ஒயில் கிழடு. டொட் 3 தரத்துப் பிறேக் ஒயில் புதிதாக இருந்தால் 205 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் கொதிக்காமல் தாங்கவேண்டும். தண்ணீர் உறிஞ்சினது 140க்கே கொதிக்கலாம். இப்போது டொட் 4 ஊற்றி ஓடுகிறேன். ஊற்றும்போது பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், உரித்துவிடும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து இன்னொருவர்:

பெரிய பம்ப் போட்ட பிறகு பெடல் இறுகிவிட்டது என்று வருகிறவர்களுக்கு: டீசல் ஹைலக்ஸில் பூஸ்டருக்கு வெற்றிடம் கொடுக்கிற வெக்குவம் பம்ப் ஓல்டர்நேட்டரின் பின்னால்தான் இருக்கும். அது தேய்ந்தாலும் இதே இறுக்கம்தான். எஞ்சினை நிறுத்தி நாலைந்து தடவை மிதித்துவிட்டு, காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கவேண்டும். இறங்காவிட்டால் மாஸ்டர் பம்ப்பை விட்டுவிட்டு வெக்குவம் குழாயிலிருந்து பார்த்துக்கொண்டு போங்கள்.