ஊரடங்கில் மெரினாவை மூடி வைத்தது சரிதானா?

கடலோரவாசி:
2020 மார்ச் 25 அன்று தொடங்கிய ஊரடங்கில் காலை நடைக்கும் சேர்த்தே தடை விழுந்தது. அதே வாரம் முடக்கத்துக்குள் போன இங்கிலாந்தில், நாளுக்கு ஒருமுறை உடற்பயிற்சிக்காக வெளியே வர அனுமதி இருந்தது. தமிழக அரசோ, ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்காக உடற்பயிற்சிக் கூடங்களை ஆகஸ்ட் 10 அன்று திறந்துவிட்டு, மெரினாவை டிசம்பர் 14 வரை பூட்டியே வைத்திருந்தது. நான்கு சுவர்களுக்குள் மூச்சிரைக்க எடை தூக்கலாம், கடற்காற்றில் நடக்கக் கூடாது என்பது என்ன கணக்கு?

தராசு:
கோயம்பேடு சந்தையில் கூடிய கூட்டத்தால் மே மாதத்தில் தொற்று எப்படிப் பரவியது என்பதை மறந்துவிட்டீர்களா, ஐயா? மெரினாவைத் திறந்தால் நடப்பவர் மட்டுமா வருவார்? சுண்டல், பஜ்ஜி, குதிரைச் சவாரி என்று ஊரே வந்துவிடும். மேலும், மக்கள் அச்சத்தாலும் நடையைக் குறைத்தார்கள். முழு ஊரடங்கு போடாத சுவீடனிலும் குறைந்தது.

கடலோரவாசி:
எவ்வளவு குறைந்தது என்பதையும் சொல்லுங்கள். ஒரு நடைக்கணக்குச் செயலியைப் பயன்படுத்திய, 187 நாடுகளைச் சேர்ந்த நான்கரை இலட்சம் பேரின் தரவை வைத்து 2020இல் வெளிவந்த ஆய்வில், சுவீடனின் அதிகபட்சச் சரிவு 6.9 விழுக்காடு, கடும் முடக்கம் போட்ட இத்தாலியில் அது 48.7 விழுக்காடு. இவ்வளவு பெரிய இடைவெளியை அச்சம் ஒன்றின் தலையில் கட்ட முடியாது.

மாடிவீட்டுக்காரி:
கைப்பேசி எண்ணிய அடிகளை வைத்து இருவரும் சண்டையிடுகிறீர்கள். வீட்டிலிருக்கும்போது அதை யார் இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறார்கள்? வேலைக்கு வரும் அம்மாவும் வர முடியாத அந்த மாதங்களில், ஈரத்துணி வாளியோடு மூன்று மாடி ஏறி இறங்கிய என் நடையெல்லாம், மின்னேற்றியில் கிடந்த கைப்பேசிக்குத் தெரியாது. குறைந்தது அலுவலகம் போய் வந்தவர்களின் நடை. அடுப்படியில் நின்றவர்களுக்கு வேலை கூடித்தான் போனது.

கடலோரவாசி:
ஒப்புக்கொள்கிறேன், அம்மா; ஆனால் துணி வாளியைத் தூக்க முடியாத எழுபது வயதுக்காரருக்கு அந்த மாடிப்படியும் இல்லை. மணற்பரப்பையும் கடைகளையும் மூடிவிட்டு, உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரையிலான நடைபாதையைக் காலை ஐந்து முதல் எட்டு மணி வரை மட்டும் திறந்திருக்கலாமே? அந்நேரத்தில் பஜ்ஜிக் கடை ஏது, தராசு ஐயா?

தராசு:
காவலுக்கு ஆள் இருந்தால் திறந்திருக்கலாம். அன்று அவர்கள் எல்லாரும் சாலைத் தடுப்புகளில் நின்றார்கள்.