கோட்டாபய விலகினாரா, விலக்கப்பட்டாரா?

வில்லங்கம்:
«2022இல் இலங்கை ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவைப் பதவி நீக்கியது அரசியலமைப்புக்கு முரண்» என்று ஒருவர் நேற்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதற்குக் கைதட்ட ஒரு கூட்டம் வேறு. யார் ஐயா நீக்கியது? அரசியலமைப்பின் 38ஆம் உறுப்புரைப்படி நீக்குவதென்றால் குற்றப்பிரேரணை வேண்டும், பாராளுமன்றத்தின் 225 பேரில் 150 பேர் ஆதரிக்க வேண்டும், உயர் நீதிமன்றம் விசாரித்து அறிக்கை தர வேண்டும், அப்புறம் மறுபடியும் 150 வாக்கு வேண்டும். இதில் எது நடந்தது? மனிதர் கடிதம் கொடுத்துவிட்டு விலகினார். அவ்வளவுதான்.

கொட்டப்பாக்கு:
எழுதியவன் நான்தான். கடிதமா? மின்னஞ்சல் என்று சொல்லும். ஜனாதிபதி தன் கையொப்பத்துடன் சபாநாயகருக்கு எழுத்தில் தர வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. மின்னஞ்சல் எங்கே இருக்கிறது?

வில்லங்கம்:
மூலப்பிரதி, அவர் தப்பிப்போயிருந்த சிங்கப்பூரிலுள்ள நம் உயர்ஸ்தானிகராலயம் வழியாக வந்தது. சபாநாயகர் மஹிந்த யாப்பா அபேவர்தன அதைச் சரிபார்த்த பிறகுதான் ஜூலை 15 காலை அறிவித்தார். மின்னஞ்சலே போதுமென்றால் எதற்காக ஓர் இரவு காத்திருந்தார்?

கொட்டப்பாக்கு:
பிறகு ஏன் 14ஆம் திகதியிலிருந்தே விலகல் என்று அறிவித்தார்? மூலப்பிரதி கைக்கு வருமுன்னே பதவி காலியானது எப்படி? மின்னஞ்சலால்தானே?

நடுவழி:
மின்னஞ்சலை விடுங்கள். ஜனாதிபதி மாளிகைக்குள் போராடிய சனம் புகுந்து நீச்சல் தடாகத்தில் குதித்தபிறகு எழுதிய கடிதம். அதை மனமுவந்த விலகல் என்பதா?

வில்லங்கம்:
சனம் குதித்தது 9ஆம் திகதி, கொழும்பில். கடிதம் வந்தது 14ஆம் திகதி, சிங்கப்பூரிலிருந்து. தடாகத்துத் தண்ணீர் அவ்வளவு தூரம் தெறித்ததோ?

நடுவழி:
நக்கலுக்குக் குறைச்சல் இல்லை. 1991இல் அன்றைய ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிராக அவருடைய கட்சியின் லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் குற்றப்பிரேரணையோடு முறைப்படிதான் போனார்கள். என்ன கிடைத்தது? அவர் கூட்டத்தொடரை முடித்துவைத்து நேரம் வாங்கினார். முதலில் பிரேரணையை ஏற்ற சபாநாயகர் முகமது, செல்லுபடியான கையெழுத்து போதாது என்று ஒக்டோபரில் தள்ளிவிட்டார். சட்டவழி என்பது அடைத்த கதவு.

வில்லங்கம்:
சபாநாயகர் ஏற்ற பிறகு பாராளுமன்றத்தைக் கலைக்கத்தான் 70ஆம் உறுப்புரை தடை போடுகிறது. கூட்டத்தொடரை முடித்துவைக்கத் தடை இல்லை. அந்த ஓட்டையில் பிரேமதாச புகுந்தார். ஓட்டை இருப்பதும் கதவு இல்லாததும் ஒன்றா?

கொட்டப்பாக்கு:
பேச்சை மாற்றாதீர். மின்னஞ்சல்!

வில்லங்கம்:
அன்றைய ஜனாதிபதி மைத்திரி பாராளுமன்றத்தைக் கலைத்தது சரி என்று 2018இல் இதே வாயால்தான் வாரக்கணக்கில் வாதாடினீர். உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமித்து அது செல்லாது என்றார்கள். அன்றும் இப்படித்தான் ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்கினீர்.

கொட்டப்பாக்கு:
அதை இங்கே ஏன் இழுக்கிறீர்? தோற்றதைச் சொல்லிக் காட்டாவிட்டால் உமக்குத் தூக்கம் வராதோ?

நடுவழி:
இரண்டு பேரும் தனியே போய்ச் சண்டை பிடியுங்கள். நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

வில்லங்கம்:
பதில் மேலே இருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை. 15ஆம் திகதி, பிரதமராக இருந்த ரணில் விக்கிரமசிங்க பிரதம நீதியரசர் முன் பதில் ஜனாதிபதியாகச் சத்தியம் செய்தார். 20ஆம் திகதி பாராளுமன்றம் 134 வாக்குகளால் அவரை ஜனாதிபதியாகத் தெரிவுசெய்தது. பதவி காலியாகாமல் அந்த 134 பேரும் எதற்கு வாக்களித்தார்கள்?

கொட்டப்பாக்கு:
மின்னஞ்சலை நம்பி வாக்களித்தார்கள்.