'எங்கும் விசாரிக்கும் அதிகாரம்' சரியாக வருமா?

வணக்கம் நண்பர்களே,

ஆங்கிலத்தில் 'universal jurisdiction' எனப்படும் கொள்கைக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம்மிடையே பேச்சு நடக்கிறது. வேறொரு நாட்டில், வேற்று நாட்டுக்காரர் ஒருவர், அங்குள்ளவர்களுக்கே செய்த கொடுமையை நம் நாட்டு நீதிமன்றம் விசாரிக்கலாம் என்கிற சட்டக் கொள்கை அது. அதற்கு 'உலகளாவிய அதிகார வரம்பு' போதும் என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வரம்பு வயலுக்கு இருப்பது. உன் நிலம் இதுவரைதான் என்று நிறுத்துவது. இங்கே சட்டம் எடுத்துவிடுவதே அந்த வரம்பைத்தான்.

'சர்வதேச விசாரணை அதிகாரம்' என்று சொன்னாலோ இன்னும் சிக்கல். சர்வதேசம் என்றதும் நெதர்லாந்தின் ஹேக் நகரத்துப் பன்னாட்டு நீதிமன்றம்தான் நினைவுக்கு வரும். நாம் பேசுவதோ உள்ளூர் நீதிமன்றத்தைப் பற்றி.

ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் நடந்த வழக்கைப் பாருங்கள். சிரியா வழக்கறிஞர் அன்வர் அல்-புன்னியை 2006இல் டமாஸ்கஸில் கைதுசெய்தவர் அன்வர் ரஸ்லான் என்ற உளவுத்துறை அதிகாரி. 2014இல் இருவருமே அகதிகளாக பெர்லின் வந்து சேர்ந்தார்கள். மரியன்ஃபெல்டே அகதிகள் முகாமருகே எதிர்ப்பட்டபோது, எங்கேயோ பார்த்த முகம் என்று மட்டும் அல்-புன்னிக்குத் தோன்றியிருக்கிறது. யாரென்று உடனே பிடிபடவில்லை. அந்த முகத்துக்குரியவருக்குத்தான் 2022 ஜனவரி 13 அன்று ஆயுள் தண்டனை கிடைத்தது. 27 கொலைகள், குறைந்தது 4,000 பேரைச் சித்திரவதை செய்ததில் பங்கு. தீர்ப்பு சொன்னது ஜெர்மனியின் ஒரு மாநில நீதிமன்றம்தான். குற்றம் நடந்தது ஜெர்மனியில் இல்லை, செய்தவர் ஜெர்மானியர் இல்லை, செத்தவர்களும் இல்லை. நம் சொல்லில் தெரிய வேண்டியது இதுதான்.

'எல்லை கடந்த அதிகாரம்' என்றும் ஒருவர் சொன்னார். அது வேறு. இந்தியர் வெளிநாட்டில் செய்த குற்றத்தை இங்கே விசாரிக்கலாம் என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 4ஆம் பிரிவே சொன்னது. அங்கே குடியுரிமை என்ற கயிறு இருக்கிறது. இங்கே அந்தக் கயிறும் கிடையாது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் மாணவர்கள் குழம்பிப்போவார்கள்.

அப்புறம், இந்தக் கொள்கையே தவறு, அடுத்த வீட்டு விவகாரத்தில் நமக்கென்ன வேலை, வலுத்த நாடு இளைத்த நாட்டை மிரட்டத்தான் இது உதவும் என்ற வாதமும் வந்தது. அதில் உண்மை உண்டு. இப்படி விசாரிக்க பெல்ஜியம் 1993இல் கொண்டுவந்த சட்டத்தை அமெரிக்க நெருக்கடிக்குப் பிறகு 2003இல் கைவிட்டது. ஆனால் சாட் நாட்டை 1982 முதல் 1990 வரை ஆண்ட ஹிசேன் ஹப்ரேயை விசாரித்தது ஐரோப்பா இல்லையே. செனகலின் டாக்கர் நகரில், ஆப்பிரிக்க ஒன்றியத்தின் உடன்பாட்டோடு அமைந்த நீதிமன்றம், 2016இல் ஆயுள் தண்டனை கொடுத்தது. பாதிக்கப்பட்டவர்கள் ஆண்டுக்கணக்காக விடாமல் அலைந்து வாங்கிய தீர்ப்பு அது. சொந்த நாட்டில் கதவு அடைபட்டவர்களுக்கு வேறெங்காவது ஒரு கதவு திறந்திருக்கத்தான் வேண்டும். எனக்கு இதில் இரண்டாம் எண்ணம் இல்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'எந்நாட்டு' என்று தொடங்கிப் பார்த்தேன், எந்த நாட்டு என்று கேட்பதுபோல் ஒலிக்கிறது. அதனால் 'எங்கும் விசாரிக்கும் அதிகாரம்' என்று முன்வைக்கிறேன். இது விளக்கம், கலைச்சொல் இல்லை என்பீர்கள். 'தகவல் அறியும் உரிமை'யும் அப்படிப்பட்ட தொடர்தானே? இன்று கிராமத்துப் பெரியவர்கூட அதைச் சொல்லி மனுப் போடுகிறார். வாக்கியத்திலும் இடறவில்லை: "எங்கும் விசாரிக்கும் அதிகாரத்தின்கீழ் ஜெர்மனி வழக்குத் தொடர்ந்தது."

இலங்கை நண்பர்களுக்கு, விசாரிக்கும் அதிகாரத்துக்கு (jurisdiction) நியாயாதிக்கம் என்பதுதான் பழகிய சட்டச்சொல். அதை விட வேண்டாம், 'எங்கும் செல்லும் நியாயாதிக்கம்' எனலாம். காசு செல்லும், செல்லாது என்கிறோமே, அந்தச் 'செல்லும்'.

நமக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. இந்தியாவின் 1960ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம், கடும் போர்க்குற்றத்தை இந்தியாவுக்கு உள்ளேயோ வெளியேயோ எவர் செய்தாலும் தண்டிக்கலாம் என்கிறது. அதன் 3ஆம் பிரிவை இந்தச் சொல்லை வைத்து மொழிபெயர்த்துப் பார்க்கப் போகிறேன். எங்காவது உதைத்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுகிறேன். நீங்களும் உங்கள் வாக்கியங்களில் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்