வீட்ல விஎம் (ஒரு கம்ப்யூட்டருக்குள்ள ஓடற இன்னொரு கம்ப்யூட்டர்) ஓட்ட மெஷின் தேடினப்போ நடந்தது: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

தண்டையார்பேட்டை வாசி

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல நடந்தது, இன்னும் ஆறல. கைவசம் பழைய ஆபீஸ் டவர், 8ஆம் தலைமுறை ஐ5, 16 ஜிபி. ஆக்டிவ் டைரக்டரி (ஆபீஸ் கம்ப்யூட்டர், யூசர் எல்லாத்தையும் ஒரே இடத்துல நிர்வகிக்கறது) பழக ஒரு லேப் போடணும்: விண்டோஸ் சர்வர், கிளையன்ட் ரெண்டு, முன்னாடி ஒரு ஃபயர்வால். 16ல மூச்சு முட்டும்னு உங்களுக்கே தெரியும். டிடிஆர்4ல 32 ஜிபி ரேம் குச்சி ரெண்டு கேட்டேன். மத்த கடையில சொன்னதுல பாதி விலை சொன்னாங்க. கையில வாங்கிப் பார்த்தா ஸ்டிக்கர்ல பிசி4-2400டி, அதுக்குப் பின்னாடி ஆர்ங்கிற எழுத்து. குச்சியோட நடுவுல மத்ததுல இருந்து மாறி தனியா ஒரு சிப். "அண்ணே, இது ரெஜிஸ்டர்டு சர்வர் ரேம், டெஸ்க்டாப் போர்டுல பூட் ஆகாது"ன்னேன். "ஸ்லாட்ல உக்காருதா பாரு தம்பி, டிடிஆர்4னா டிடிஆர்4தான்"ன்னார். உக்காரும், அதுதானே வில்லங்கம்! ரெண்டுக்கும் 288 பின், காடி ஒரே இடம். போட்டுக் காட்டுங்கன்னா, டெஸ்டிங் கிடையாது, திரும்ப எடுக்கவும் மாட்டோம்னு பதில்.

நான் திருப்பி வெச்சுட்டேன். பக்கத்துல காலேஜ் பேக் மாட்டின ஒரு பொண்ணு அதே குச்சிக்குப் பணம் எண்ணிட்டு இருந்துச்சு. "என்ன போர்டும்மா?"ன்னு கேட்டேன். அது வாயைத் திறக்கறதுக்குள்ள, "வாங்கலன்னா நகருங்க, யாவாரத்தைக் கெடுக்காதீங்க"ன்னு கடைக்காரர் நடுவுல வந்துட்டார். வாங்குச்சா இல்லையான்னு தெரியல. அதான் உறுத்துது. ஸ்டிக்கர்ல அந்த ஆர் இடத்துல யூ இருந்தா டெஸ்க்டாப், எஸ் இருந்தா லேப்டாப், மினி பிசி. பார்த்து வாங்குங்க.

வியாசர்பாடி மாடி வீடு

என் கதை கரண்ட். அத்தை பையன் வெளிநாடு போகும்போது அவனோட ஜியான் (இன்டெல் சர்வர் ப்ராசசர்) மெஷினை என்கிட்ட விட்டுட்டுப் போனான். ஈ5-2680 வி4, 14 கோர். குபர்நெட்டிஸ் (பல மெஷின்ல அப்ளிகேஷனைப் பிரிச்சு ஓட்டற சாஃப்ட்வேர்) நோடு, அதாவது அதுல சேர்ற மெஷின், மூணு அசையாம ஓடும். ஒரு நாள் ராத்திரி ஹவுஸ் ஓனர் அம்மா மாடி ஏறி வந்து, கதவுகிட்ட நின்னு அந்த ஃபேன் சத்தத்தையே கேட்டுட்டு இருந்தாங்க. "ராத்திரிகூட இதை நிறுத்த மாட்டியாப்பா?" கையில ஈபி அட்டை. கோபமே இல்ல அவங்க குரல்ல. எங்க ரெண்டு வீட்டுக்கும் ஒரே சர்வீஸ். ரெண்டு மாசக் கணக்குல 500 யூனிட்டைத் தாண்டினா, கீழ இருக்கிற யூனிட்டுக்கு இருந்த குறைஞ்ச ரேட்டும் போயிடும். பிளக்ல மீட்டர் போட்டுப் பார்த்தேன், சும்மா நிக்கும்போதே 90 வாட். 60 நாளுக்குக் கிட்டத்தட்ட 130 யூனிட். இப்போ ஐ5-8500டி போட்ட செகண்ட் ஹேண்ட் மினி பிசி, 64 ஜிபி. சும்மா இருந்தா 15 வாட்டுக்குள்ள. அந்த அம்மா அப்புறம் எதுவும் கேக்கல.

கொளத்தூர்

லேப்டாப்ல விர்ச்சுவல்பாக்ஸ் (விஎம் ஓட்டற சாஃப்ட்வேர்) 64 பிட் ஓஎஸ் எதையும் காட்டலன்னு தெருப் பையன் ஒருத்தன் வந்தான். அவன் சேர்ந்த கோச்சிங் சென்டர்ல, "இந்த ப்ராசசர் விஎம் எடுக்காது, வேற வாங்கு"ன்னு சொல்லிட்டாங்களாம். பையனோட அப்பா ஹார்பர்ல லோடு வேலை. விரல் மோதிரத்தை அடகு வைக்க அடுத்த நாள் போறதா இருந்தார். பயாஸ்ல (மெஷின் ஆன் ஆகும்போது வர்ற செட்டிங்) போய்ப் பார்த்தா விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜின்னு ஒரு வரி, எதிர்ல டிசேபிள்டு. மாத்தி சேவ் பண்ணோம், உபுண்டு எழுந்துச்சு. ஏஎம்டியா இருந்தா எஸ்விஎம் மோடுன்னு இருக்கும். டாஸ்க் மேனேஜர்ல சிபியு பக்கத்துலயே இது ஆன்ல இருக்கா இல்லையான்னு தெரியும். அதைக்கூடப் பார்க்காம ஒரு குடும்பத்தைக் கடன்ல தள்ளப் பார்த்திருக்காங்களே!

பெரம்பூர் லோகோ

வியாசர்பாடி நண்பா, ஜியானைக் கெட்டதுன்னு முடிவு கட்டாதீங்க. தண்டையார்பேட்டைக்காரர் வெச்சுட்டு வந்த அந்த ஆர் ரேம் இருக்கே, அதைப் போடுற இடமே ஈ5 மாதிரி சர்வர் ப்ராசசர்தான். 128 ஜிபி கம்மி செலவுல வேணும்னா வேற வழி கிடையாது. தேவைப்படும்போது மட்டும் ஆன் பண்ணுங்க, அவ்ளோதான்.

புதுசா எடுக்கறவங்களுக்கு சிலது சொல்றேன். காசை முதல்ல ரேம்ல போடுங்க, கோர்ல இல்ல. கோரைப் பல விஎம் பங்கு போட்டுக்கும், ரேமை அப்படிப் பிரிக்க முடியாது. குபர்நெட்டிஸ்னா நோடுக்கு 2 ஜிபிங்கிறது கேட்டைத் திறக்கறதுக்கு மட்டும்தான், 4 வைங்க. அடுத்தது எஸ்எஸ்டி. க்யூஎல்சி (ஒரு செல்லுல நாலு பிட் அடைக்கிற மலிவு வகை) எடுக்காதீங்க. நாலு விஎம் ஒரே நேரத்துல அப்டேட் ஆகும்போது கேஷ் ரொம்பி, எழுதற வேகம் ஹார்டு டிஸ்க் அளவுக்கு விழுந்துடலாம். ஈஎஸ்எக்ஸ்ஐ (விஎம்வேரோட, விஎம் ஓட்டறதுக்குன்னே இருக்கிற ஓஎஸ்) கத்துக்கணும்னா ரியல்டெக் நெட்வொர்க் இருக்கிற போர்டு வேண்டாம், தனியா டிரைவர் சேர்க்காம கண்டுக்காது, இன்டெல் கார்டு பாருங்க. பெரிய கோர், சின்ன கோர் கலந்த 12ஆம் தலைமுறைல செட்டிங் மாத்தாம போட்டா ஊதா எரர் திரையோட நின்னுடும். இலவச ஈஎஸ்எக்ஸ்ஐயை 2024ல நிறுத்தி, 2025ல திரும்பக் குடுத்தாங்க. அவங்களை நம்பி மெஷின் வாங்கறதை விட, அதே வேலை செய்யற இலவச ப்ராக்ஸ்மாக்ஸ் மேல். கிராஃபிக்ஸ் கார்டை விஎம்முக்குக் குடுக்கணும்னா விடி-எக்ஸ் (இன்டெல்ல விஎம் ஓட விடற வசதி) மட்டும் போதாது, விடி-டியும் (கார்டை நேரா விஎம்முக்குக் குடுக்கிற வசதி) வேணும், போர்டுலயும் இருக்கணும்.

வியாசர்பாடி மாடி வீடு

"தேவைப்படும்போது ஆன் பண்ணுங்க"ன்னா எப்படிங்க? டிஎன்எஸ் (வெப்சைட் பேரை ஐபி முகவரியா மாத்தறது), பேக்கப் எல்லாம் வீட்ல இருக்கிற மெஷின்லதான் ஓடுது. அதுவும் தூங்கற அறையில மெஷின் வெச்சிருக்கிற வீட்டுக்கு எத்தனை கோர்ங்கிறது ரெண்டாவது கேள்விதான்.

திருவொற்றியூர்

கடல்ல இருந்து மூணாவது தெரு. போன கோடைல மத்தியானம் ஆனா மட்டும் விஎம் எல்லாம் இழுத்துச்சு. பக்கத் தகட்டைக் கழட்டறேன், ஸ்க்ரூ துருவுல உடைஞ்சே வந்துச்சு. ப்ராசசர் சூட்டை எடுக்கிற ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் கறுப்பா, உப்புப் பிசுபிசுப்போட தூசி அடைச்சிருந்தது. ப்ராசசர் சூட்டுல தன் வேகத்தைத் தானே குறைச்சுட்டு ஓடியிருக்கு. எண்ணூர்ப் பக்கம் இருக்கிறவங்க மினி பிசி வாங்கினா, மூடியைக் கழட்டி ஃபேனை வெளியே எடுக்க முடியுதான்னு கடையிலயே பாருங்க.

தண்டையார்பேட்டை வாசி

பெரம்பூர் அண்ணே, அந்த ரேம் கெட்டதுன்னு நான் சொல்லல. எந்த போர்டுன்னு ஒரு வார்த்தை கேக்காம விக்கிறதைத்தான் சொன்னேன். அந்தப் பொண்ணு ஒருவேளை இதைப் படிச்சா, அந்தக் குச்சியைத் தூக்கிப் போட்டுடாதம்மா, இங்கே ஒரு வரி எழுது. பெரம்பூர் அண்ணன் மாதிரி ஜியான் வெச்சிருக்கிறவங்க யாராவது எடுத்துப்பாங்க.